மண்ணை வெட்டுவதற்கு ஒரு கடதாசி

"மண்மேடு சரிந்து வீழ்ந்ததில் இருவர் பலி."

பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் இந்தத் தலைப்பை நான் எத்தனை தடவைகள் எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஊரின் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், செய்தி தயாராகிவிடும். தென்மேல் பருவமழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் இரத்தினபுரி, கேகாலைப் பக்கமிருந்து வரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமிருந்து வரும். செய்தியின் உள்ளே வழக்கமாக ஒரு வாக்கியம் இருக்கும்: வீடு கட்டுவதற்காக மண்ணை வெட்டிக்கொண்டிருந்த வேளையிலேயே இவ்வனர்த்தம் நேர்ந்துள்ளது. அதற்கு அடுத்த வாக்கியம்: பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர். அந்த விசாரணைகளின் முடிவு என்ன என்று நாங்கள் ஒருபோதும் பிரசுரித்ததாக எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் வேறொரு செய்தி வந்துவிடும்.

மலையில் மண்ணை வெட்டுவதற்கு யாரிடம் அனுமதி பெறவேண்டும், அந்த அனுமதி எப்போது, எதற்காக உருவானது என்ற கேள்விகளை நான் நெடுங்காலம் கேட்டதேயில்லை. 2012ஆம் ஆண்டில் என் அக்காவும் அத்தானும் மலையகப் பட்டினம் ஒன்றின் எல்லையில் இருபது பேர்ச் காணி வாங்கி வீடு கட்ட முற்பட்டபோதுதான் அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. அந்த அனுபவத்தையும், அதன் பின்னர் நான் தேடிப் படித்த வரலாற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன். என்னைக் குறித்து அவ்வளவு பெருமை தராத ஒரு சங்கதியும் இதில் உண்டு. அதையும் ஒளிக்கவில்லை.

*

எங்கள் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக வேலை பார்த்தவர். நாங்கள் வளர்ந்தது தோட்ட உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸில். லயங்கள் எமக்குக் கீழே, சரிவில் இருந்தன. மழைக்காலத்துக்கு முன்னர் ஆண் தொழிலாளர்கள் மண்வெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். 'கான் வெட்டு' என்று அந்த வேலைக்குப் பெயர். மலைச்சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய சாய்வுடன் வெட்டப்பட்ட அந்தக் கான்கள் மழைநீரை மறித்து, வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் ஓடைக்குக் கொண்டுசேர்க்கும். கானுக்குள்ளே இடையிடையே சிறு மண்தடுப்புகள் விடப்பட்டிருக்கும். அவற்றில் வண்டல் தங்கும். தங்கிய வண்டலை அள்ளி மறுபடியும் தேயிலைச் செடிகளின் அடியில் போடுவார்கள். சிறுவனாக இருந்த எனக்கு அது தோட்டத்து வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு மலையை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் வேலை அது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோதும் அரசர்களையும் ஆளுநர்களையும் படித்தேனேயன்றி, கான்களைப் படிக்கவில்லை.

வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1820களில் கம்பளைக்கு அருகே ஆரம்பமான கோப்பிப் பயிர்ச்செய்கை, 1830களின் இறுதியில் மலைநாடெங்கும் பரவியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாகக் கருதுவதற்கு வழிசெய்தது. அந்நிலங்கள் தோட்டச் சொந்தக்காரர்களுக்கு விற்கப்பட்டன. காடு வெட்டப்பட்டு எரிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் சாம்பல் படிந்த அந்தச் சரிவுகளில் கோப்பி நட்டனர். பல நூற்றாண்டுகளாக இலைச்சருகும் வேரும் பிடித்துவைத்திருந்த மேல்மண், ஒரு சில மழைக்காலங்களில் ஆற்றோடு போகத் தொடங்கியது.

இதனை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர். 1873ஆம் ஆண்டில் அவர் காடழிப்பின் விளைவுகளைக் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. இலங்கையின் மலையில் 'இதற்கு மேல் வெட்டாதே' என்று அரசு கீறிய முக்கியமான கோடு அது. இன்று உச்சிகளில் எஞ்சியிருக்கும் காடுகளுக்கு நாம் அந்தக் கோட்டுக்கும் நன்றி சொல்லவேண்டும். ஆனால் கோட்டுக்குக் கீழே எவ்விதத் தடையும் இருக்கவில்லை.

1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலையுடன் ஒரு பழக்கமும் வேரூன்றியது. வரிசைகளுக்கிடையே ஒரு புல்கூட நிற்கக்கூடாது என்று சுரண்டித் துப்புரவாக்கும் களையெடுப்பு முறை அது. பார்வைக்கு அழகு. துரைமாருக்குப் பெருமை. மண்ணுக்கு அது தோலை உரிப்பதற்குச் சமன். இந்த நிலைமையை ஆராய அமைக்கப்பட்ட மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931ஆம் ஆண்டில் அரசாங்கப் பத்திரமாக வெளிவந்தது. அறிக்கை வந்தது, ஆனால் சட்டம் வர இன்னும் இருபது ஆண்டுகள் சென்றன. இடையில் ஓர் உலகப்போர் நடந்தது. 1947 ஆகஸ்டில் பெருவெள்ளம் நாட்டின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. 1948ஆம் ஆண்டில் சுதந்திரம் வந்தது.

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மண்ணரிப்பைத் தடுப்பதும், வெள்ளத்தினாலும் வரட்சியினாலும் காணிகளுக்கு ஏற்படும் சேதத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். அரிப்புக்குள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனம் செய்யவும், அங்கே காணி வைத்திருப்பவர் கான் வெட்டவேண்டும், கல்கட்டு அமைக்கவேண்டும் என்று பணிக்கவும் அச்சட்டம் அதிகாரம் வழங்கியது.

இங்கே வாசகர்கள் ஒரு திகதியை மனத்திற் கொள்ளவேண்டும். இந்தச் சட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. ஆகவே மண் பாதுகாப்புச் சட்டம் விவாதிக்கப்பட்ட வேளையில், மலையின் மண்ணை அன்றாடம் மண்வெட்டியால் தொட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அந்தச் சபையைத் தெரிவுசெய்யும் வாக்கு இருக்கவில்லை. சட்டம் காணிச் சொந்தக்காரனோடு பேசியது. காணியில் கான் வெட்டியவனோடும், காணியின் கீழ்ச்சரிவில் லயத்தில் படுத்துறங்கியவளோடும் அது பேசவில்லை. இந்த மௌனத்தை நான் பின்னர் மறுபடியும் சந்திக்க நேர்ந்தது.

*

கட்டடத்துக்கான அனுமதியின் வரலாறு முற்றிலும் வேறொரு வழியில் வந்தது. 1914ஆம் ஆண்டில் கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. மறுவருடம், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் பிறந்தது. உள்ளூராட்சி எல்லைக்குள் வீடு கட்டுவோர் வரைபடத்தைச் சமர்ப்பித்து எழுத்துமூல அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதி அதிலிருந்தே வருகிறது. வெளிச்சம், காற்றோட்டம், தெருவின் அகலம், கழிவுநீர் ஆகியவற்றைப் பற்றியே அச்சட்டம் கவலைப்பட்டது. எலியும் இருளும் நெரிசலும் அதன் எதிரிகள். கொழும்பின் தட்டையான மண் அசையும் என்று யாரும் எண்ணவில்லை.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் அந்த ஏற்பாட்டின் மேல் இன்னொரு அடுக்கைக் கட்டியது. பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டக்கூடாது, கட்டி முடித்த பின் இணக்கச் சான்றிதழ் பெறவேண்டும் என்பன வழமையாயின.

இவ்வாறு நாட்டில் இரண்டு சட்ட மரபுகள் பக்கம் பக்கமாக வளர்ந்தன. ஒன்று விவசாயத் திணைக்களத்தின் வழி வந்தது. அது பயிர் நிலத்தின் மண்ணைப் பார்த்தது. மற்றது உள்ளூராட்சியின் வழி வந்தது. அது சுவருக்குள்ளே இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்தது. ஒரு மனிதன் பயிர் நிலத்தைத் துண்டாக வாங்கி, மலையின் அடிவாரத்தை வெட்டிச் சமப்படுத்தி, வெட்டிய மண்ணைக் கீழே தள்ளி, அதன்மேல் வீடு கட்டும்போது அவன் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிற்கிறான். மலையகத்தில் மக்கள்தொகை பெருகப் பெருக அந்த இடைவெளியில் நிற்போரின் தொகையும் பெருகியது.

விளைவைக் காட்ட ஓர் உதாரணம் போதும். மகாவலி கங்கைக்குக் குறுக்கே பொல்கொல்ல அணைக்கட்டு 1976ஆம் ஆண்டில் பூர்த்தியாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்தச் சிறு நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு வண்டலால் நிரம்பிவிட்டது. அந்த வண்டல் வேறு எங்கிருந்தும் வரவில்லை. மலையகத்தின் மரக்கறித் தோட்டங்களும், கவனிப்பாரற்ற தேயிலைச் சரிவுகளும், வீதிகளும், வீட்டு நிலங்களுமே இறங்கி வந்திருந்தன.

1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளில் ஐம்பது பேரளவில் மாண்டனர். 1984ஆம் ஆண்டில் கட்டடப் பொருட்களையும் அத்திவாரங்களையும் ஆராய்வதற்கென உருவாகியிருந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அதன் பின்னரே மண்சரிவைத் தன் பிரதான பணிகளில் ஒன்றாக்கிக்கொண்டது. 1990ஆம் ஆண்டில் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் அபாய வலயங்களை வரைபடமாக்கும் வேலை தொடங்கியது. பாறையின் தன்மை, அதன்மேல் கிடக்கும் மண்ணின் தடிப்பு, சரிவின் சாய்வு, நீர் வடியும் பாதை, நிலப் பயன்பாடு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு தரம் கொடுத்தார்கள். மற்ற மாவட்டங்களுக்கும் அது படிப்படியாக விரிந்தது.

ஆனால் வரைபடம் ஓர் அலுமாரியில் இருந்தது. வீட்டு வரைபடத்தில் கையொப்பமிடும் தவிசாளரின் மேசை வேறோர் இடத்தில் இருந்தது. 2003 மே மாதம் இரத்தினபுரி முதலான தென்மேல் மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 250 பேர் வரையில் காவுகொண்டன. 2011ஆம் ஆண்டில் வெளியான சுற்றுநிருபம் அலுமாரியையும் மேசையையும் இணைத்தது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய 10 மாவட்டங்களின் சரிவுப் பகுதிகளில், உள்ளூராட்சி சபை கட்டட அனுமதி வழங்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். ஹூக்கரின் கோட்டிலிருந்து இந்தக் கடதாசி வரை 138 ஆண்டுகள்.

*

அடுத்த வருடமே அந்தக் கடதாசி எங்கள் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது.

அத்தான் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வூதியப் பணத்தையும் அக்காவின் நகைகளையும் நம்பியே வீட்டு வேலையைத் தொடங்கினார். நில அளவையாளரின் வரைபடம், படவரைஞரின் கட்டடப் படம், உறுதியின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் சான்று, கட்டணம் ஆகிய அனைத்தையும் ஒரு கோப்பில் போட்டு உள்ளூராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்து அபாய அறிக்கைக்காக அனுப்பப்பட்டது. ஒரு மாதம் சென்றது. இரண்டு மாதங்கள் சென்றன. காணியைப் பார்வையிட எவரும் வரவில்லை. மாவட்டம் முழுவதற்கும் இருந்த உத்தியோகத்தர்களோ ஒரு சிலர்.

"மழை வந்தால் வேலை செய்ய ஏலாது. கடதாசி வருமட்டும் மழை பார்த்துக்கொண்டு நிற்குமோ?" என்று கேட்ட அத்தான், ஒரு பெக்கோ இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, காணியின் பின்பக்கத்தை வெட்டுவித்தார். அவர் மட்டுமா? அந்தப் பாதையில் வீடு கட்டிய அனைவரும் அவ்வாறுதான் செய்திருந்தனர். பன்னிரண்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது சிவந்த மண். வெட்டிய மண் காணியின் முன்பக்கத்தால் கீழே தள்ளப்பட்டது. நான் கொழும்பிலிருந்து போய்ப் பார்த்தபோது, இடம் நல்ல விசாலமாக வந்திருக்கிறது என்று அத்தானைப் பாராட்டினேன். "மண்மேடு சரிந்து" என்று அத்தனை தடவைகள் எழுதிய கை என்னுடையது. ஆயினும் அன்று எனக்கு அந்தத் தலைப்பு ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தாமதத்தைப் பொறுக்காமல் அக்கா என்னிடம் அழுதபோது, எனக்குப் பழக்கமான ஓர் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தேன். பத்திரிகைக்காரனுக்கு இருக்கும் சிறு செல்வாக்கை அன்று பயன்படுத்தினேன். பத்து நாட்களுக்குள் ஆள் வந்தது. எங்கள் கோப்பு மேலே வந்தபோது யாருடைய கோப்போ கீழே போயிருக்கும். அது யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வந்தவர் இளம் புவிச்சரிதவியலாளர். சிங்கள இளைஞர். அத்தானின் தேநீரை மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு, வெட்டிய மண்ணை விரலால் நோண்டிப் பார்த்தார். மேலே ஏறி, பழைய தோட்டத்துக் கான் ஒன்று தூர்ந்துபோய்க் கிடந்ததைக் காட்டினார். அவர் விளக்கியதை அத்தானுக்கு நான் தமிழில் சொன்னேன். மலையின் அடி என்பது மேலேயுள்ள பாரத்தைத் தாங்கும் காலைப் போன்றது. நீங்கள் காலை வெட்டிவிட்டீர்கள். தூர்ந்த கானில் தேங்கும் மழைநீர் பக்கவாட்டில் ஓடாமல் மண்ணுக்குள் இறங்கும். நீர் இறங்க இறங்க மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். கீழே தள்ளிய மண் இறுகாத மண். அது முதல் பெருமழையிலேயே போய்விடும்.

அறிக்கை நிபந்தனைகளுடன் வந்தது. வீடு சரிவிலிருந்து விலகி முன்னே வரவேண்டும். வெட்டுமுகம் படிகளாகச் சாய்க்கப்படவேண்டும். பின்புறத்தில் கற்கள் நிரப்பி, நீர் கசிந்து வெளியேறத் துவாரங்கள் விட்ட தாங்குசுவர் வேண்டும். மேலே ஒரு கான், கூரைநீருக்குப் பீலி, வெறும் மண் தெரியுமிடமெல்லாம் புல். மழைக்காலத்தில் மண் வெட்டக்கூடாது. இந்த நிபந்தனைகளால் வீட்டில் ஓர் அறை குறைந்தது. சுவருக்கே பல இலட்சம் சென்றது. அக்காவின் நகைகள் அடைவுக் கடையிலிருந்து மீளவில்லை. "ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டது பிழையாய்ப் போச்சு" என்று அத்தான் என்னிடம் சொன்னார். அவர் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். மறுபாதியை நான் புரிந்துகொண்டேன்.

*

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டமையால் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005, 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது என்ற செய்தி பின்னர் வெளிவந்தது.

அந்தச் செய்தியைப் பக்கத்தில் வைக்கும்போது எனக்கு அத்தானின் கோப்பு ஞாபகம் வந்தது. மீரியபெத்தை மக்கள் எவரும் எந்த அலுவலகத்திலும் கோப்புக் கொடுத்தவர்கள் அல்லர். கொடுக்கவும் முடியாது. அனுமதி கேட்பதற்கு முதலில் காணி உறுதி வேண்டும். அவர்கள் வாழ்ந்த லயம் தோட்டத்துக்கு உரியது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் அரசிடம் வந்து, 1992ஆம் ஆண்டில் 22 பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குக் கைமாறின. குடியிருந்தவர்கள் மட்டும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் குடியிருந்தபடியே இருந்தனர். பிரதேச சபையோ 1987ஆம் ஆண்டின் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தன் நிதியைச் செலவிட முடியாமல் இருந்தது. அந்தத் தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தினால்தான் நீங்கியது. ஆக, ஆபத்தில் நிற்பவனை எச்சரிக்க ஒரு நிறுவனம் இருந்தது. ஆனால் அவனுக்கு இடம் மாறுவதற்கு ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருக்கவில்லை. 1951ஆம் ஆண்டில் நான் கண்ட அதே மௌனம்.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. அவர்கள் சொந்தக் காணியில் வாழ்ந்த சிங்களக் கிராமத்தவர்கள். மலைக்கு இனபேதம் இல்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் மலையிலிருந்து விலகிப்போகும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை என்பதும் உண்மை.

இன்று எச்சரிக்கை முறை மிகவும் முன்னேறியிருக்கிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்ற அளவுகள் வானொலி கேட்கும் பாட்டிமாருக்கும் தெரியும். எனினும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி அந்த அளவுகளையெல்லாம் பல இடங்களில் வெகுவாகத் தாண்டி மழையைக் கொட்டியது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களைச் சேர்ந்தோர்.

*

அக்காவின் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாங்குசுவரின் துவாரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் குழாயில் வருவதுபோலத் தண்ணீர் பாய்ந்தது என்று அக்கா சொன்னார். இரண்டு வீடுகள் தள்ளி, அனுமதியின்றிச் செங்குத்தாக வெட்டிக் கட்டியவரின் குசினியை மண் நிரப்பிவிட்டது. அவர்கள் முதல் நாள் இரவே உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வைதுகொண்டு கட்டிய சுவரை அத்தான் கையால் தடவிப் பார்த்தார். அந்த இளைஞரின் பெயரை என்னிடம் கேட்டார். எனக்கும் ஞாபகம் இருக்கவில்லை.

பாதை திறந்ததும் டிசெம்பரில் நான் அங்கே போனேன். கீழேயுள்ள தோட்டத்து லயத்தையும் பார்த்து வரலாம் என்று இறங்கினேன். லயத்தின் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு வெட்டு விழுந்திருந்தது. மூன்று அறைகளின் பின்சுவர்கள் பிளந்திருந்தன. அங்கிருந்தவர்கள் பாடசாலையொன்றில் தங்கியிருந்துவிட்டு, பகலில் மட்டும் வந்து பொருட்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி, நான் மேல்வீட்டுக்காரரின் மைத்துனன் என்று அறிந்ததும் கேட்டார்:

"ஒங்க வீட்டுக் கான்ல வர்ற தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு எப்பவாச்சும் வந்து பாத்திருக்கீங்களா ஐயா?"

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை. மேலே ஏறிப்போய் அத்தானின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் கான் தெளிவாக இருந்தது. நீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருந்தது. அந்த அம்புக்குறி காணியின் எல்லைக்கோட்டில் நின்றிருந்தது. அதற்கு அப்பால் வெள்ளைத்தாள். அந்த வெள்ளைத்தாளில்தான் ஆறு குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. முன்னொரு காலத்தில் அந்த நீரை ஏந்தி ஓடையில் சேர்த்த தோட்டத்துக் கான் ஒன்று அங்கே இருந்தது. கான் வெட்ட ஆள் குறைந்து, அது தூர்ந்துபோய்ப் பல வருடங்கள். அதை வெட்டியவர்களில் ஒருவர் தன் புருஷன் என்று அந்த மூதாட்டி பின்னர் என்னிடம் சொன்னார்.

சட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அந்தக் கடதாசி என் அக்காவின் உயிரைக் காத்திருக்கக்கூடும். அதைப் பெறும்வரை மண்ணில் கைவைக்கவேண்டாம் என்று மலைச்சரிவில் வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுவிக்கும் உறவினர்களுக்கும் அதையே சொல்வேன். தாமதம் உண்மைதான். செலவும் உண்மைதான். ஆயினும் அனுமதி என்பது ஒரு காணியின் நான்கு எல்லைகளுக்குள் நின்றுவிடுகிறது, தண்ணீர் நிற்பதில்லை. ஹூக்கர் ஒரு மலைத்தொடர் முழுவதையும் பார்த்துக் கோடு கீறினார். நாம் இருபது பேர்ச்சைப் பார்த்துக் கையொப்பமிடுகிறோம். கான் வெட்டியவர்கள் மட்டுமே உச்சியிலிருந்து ஓடைவரை தண்ணீரின் முழுப் பாதையையும் காலால் நடந்து அறிந்திருந்தனர். அவர்களுடைய அறிவு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

ஜனவரியில் அத்தானும் அக்கம்பக்கத்து நான்கு வீட்டாரும் பணம் சேர்த்தனர். கானை எல்லையோடு நிறுத்தாமல், படிபடியாகக் கல் பதித்து, லயத்தைச் சுற்றி ஓடைவரை கொண்டுபோவது என்று தீர்மானித்தனர். அந்த மூதாட்டியின் மகன் பழைய கானின் பாதையைக் குச்சிகள் நட்டுக் காட்டினார். ஆனால் இடையிலுள்ள நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானது. அங்கே மண்ணை வெட்டுவதற்கும் ஓர் அனுமதி வேண்டும். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இம்முறை யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்திருக்கவேண்டுமோ என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

பதில் இன்னும் வரவில்லை. குச்சிகள் அங்கேயே நிற்கின்றன.